தக்காஃபுலும் ஷரீஅத் தணிக்கையும்

வணிகப் பெருமக்களுக்கு ஒரு பாடம்



அரிசி மண்டியில் கொள்முதல் செய்யும் அனுபவசாலி எவரும், மூட்டையின் வாயை அவிழ்த்து மேலே கிடக்கும் அரிசியை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. குத்தூசியை மூட்டையின் நடுவிலே குத்தி, உள்ளே இருப்பதை வெளியே எடுத்து, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்த பின்னரே வாய் திறப்பார். மேலே இருப்பது விற்பவர் காட்டுவது. நடுவில் இருப்பதே உண்மைச் சரக்கு.

இந்தப் பழக்கத்துக்கு நம் மார்க்கத்திலேயே அழகான முன்மாதிரி உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றபோது, அதனுள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. விற்பவரை விசாரித்தார்கள். மழை பெய்து நனைந்துவிட்டது என்றார் அவர். அப்படியானால் வாங்குவோர் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கண்டித்து, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியை நம்மில் பலர் ஜும்ஆ மேடையில் கேட்டிருப்போம். ஒரு தணிக்கைக்கு வேண்டிய நான்கும் இதில் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள்: உள்ளே கையிட்டுப் பார்த்தல், சான்று காணுதல், விளக்கம் கேட்டல், தீர்ப்புச் சொல்லித் திருத்துதல்.

இன்றைய பாடம், தக்காஃபுல் என்னும் இஸ்லாமியக் காப்புறுதியில் இந்தத் தணிக்கை எவ்வாறு திட்டமிடப்படுகிறது, அதற்கு நேரும் இடையூறுகள் யாவை என்பதாகும். கடைக்குத் தீக்காப்பும், லாரிக்கு வாகனக் காப்பும், குடும்பத்துக்கு ஆயுட்காப்பும் தக்காஃபுலில் எடுத்திருக்கும் நம்மவர் ஏராளம். அவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பழைய இன்ஷூரன்சின் பெயர்ப்பலகையை மாற்றி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதானே பாய்?" கேள்வி நியாயமானதே. பெயர் மட்டும் மாறியிருக்கிறதா, பொருளே மாறியிருக்கிறதா என்பதைக் காட்டக்கூடியது விளம்பரமன்று, தணிக்கைதான்.

எதனால் இந்த ஏற்பாடு?

காப்புறுதி பற்றிய மார்க்க ஆராய்ச்சி வணிகர்களால்தான் தொடங்கிற்று எனலாம். டமாஸ்கஸ் நகரில் வாழ்ந்து 1836ஆம் ஆண்டில் மறைந்த ஹனஃபி மேதை இப்னு ஆபிதீன் அவர்கள், கப்பலில் சரக்கு அனுப்பும் வணிகர்கள் ஐரோப்பியரிடம் ஒரு தொகை கட்டி, சரக்கு மூழ்கினால் நஷ்டஈடு பெறும் வழக்கத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். அவ்வொப்பந்தத்தின்படி நஷ்டஈடு பெறுவது ஆகாது என்றே எழுதினார்கள்.

மலேசியாவில் தேசிய ஃபத்வா குழு 1972ஆம் ஆண்டில், வழக்கிலிருந்த ஆயுள் இன்ஷூரன்ஸ் ஒப்பந்தம் மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று முடிவு செய்தது. காரணங்கள் மூன்று. முதலாவது கரர், அதாவது எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்ற தெளிவின்மை. இரண்டாவது மைஸிர், அதாவது சூதாட்டத்தின் சாயல். மூன்றாவது ரிபா, அதாவது வட்டி.

விலக்கியதோடு நில்லாமல் மாற்று வழியும் தேடினார்கள். சூடானில் 1979ஆம் ஆண்டில் முதல் இஸ்லாமியக் காப்புறுதிக் கம்பெனி தோன்றிற்று. மலேசியா 1984ஆம் ஆண்டில் தக்காஃபுல் சட்டம் இயற்றிற்று. முதல் தக்காஃபுல் கம்பெனி 1985ஆம் ஆண்டில் தொழில் தொடங்கிற்று. அதே 1985ஆம் ஆண்டில் ஜித்தாவில் கூடிய அனைத்துலக ஃபிக்ஹு கலைக்கழகம், நிலையான பிரீமியம் கட்டும் வாணிபக் காப்புறுதி கூடாது. நன்கொடை அடிப்படையில் ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுக் காப்பு கூடும் என்று தீர்மானித்தது. பழைய தக்காஃபுல் சட்டத்தின் இடத்தில் இப்போதிருப்பது 2013ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டம்.

நூறு வெள்ளி எங்கே போகிறது?

தணிக்கையைப் புரிந்துகொள்ள முதலில் பணத்தின் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜவுளிக்கடைச் சகோதரர் ஒருவர் தீக்காப்புக்காக 100 வெள்ளி சந்தா கட்டுகிறார் எனக் கொள்வோம். கம்பெனி அதில் 35 வெள்ளியை வக்காலத்துக் கூலியாக எடுத்துக்கொள்கிறது. சந்தாதாரர்களின் வக்கீலாக, அதாவது பிரதிநிதியாக, நிர்வாகத்தைப் பார்ப்பதற்குரிய கூலி அது. மீதி 65 வெள்ளி தபர்ரூஃ நிதியில் சேர்கிறது. தபர்ரூஃ என்பது நன்கொடை. "என் சகோதரன் கடை எரிந்தால் இதிலிருந்து கொடுங்கள், என் கடை எரிந்தால் எனக்கும் கொடுங்கள்" என்று எல்லோரும் சேர்ந்து போட்ட பணம். இக்கணக்குகள் விளக்கத்துக்காகச் சொன்னவை. கம்பெனிக்குக் கம்பெனி விகிதம் மாறும்.

அந்த 65 வெள்ளி கம்பெனியின் சொத்தன்று. கம்பெனி அதற்கு முத்தவல்லி போன்றது. ஆண்டு முடிவில் நஷ்டஈடுகள் போக மிச்சம் இருந்தால், முன்கூட்டிச் செய்த உடன்படிக்கையின்படி அது பகிரப்படும். நிதியில் பற்றாக்குறை வந்தால், கம்பெனி தன் சொந்த முதலிலிருந்து கர்ளு, அதாவது வட்டியில்லாக் கடன் கொடுத்துத் தாங்க வேண்டும். குடும்பத் தக்காஃபுலில் இவற்றோடு முதலீட்டு நிதி என்று மூன்றாவது பெட்டி ஒன்றும் இருக்கும். அது சந்தாதாரரின் சேமிப்பு. முளாரபா முறையிலோ வக்காலத்து முறையிலோ முதலீடு செய்யப்படும்.

ஆகவே பெட்டிகள் மூன்று: கம்பெனிப் பெட்டி, நன்கொடைப் பெட்டி, சேமிப்புப் பெட்டி. ஒரு பெட்டியின் பணம் உரிமையின்றி இன்னொரு பெட்டிக்குப் போனால், அங்கேதான் தக்காஃபுல் கெடுகிறது. நம் கடையில் கல்லாப் பணத்தையும், ஜகாத்துக்கு ஒதுக்கிய பணத்தையும், ஊருக்கு அனுப்பும்படி பிறர் கொடுத்துவைத்த அமானிதத்தையும் ஒரே பையில் போட்டுக் கலக்கினால் என்னவாகுமோ, அதுவேதான் இதுவும்.

தணிக்கையாளர் யார்?

மலேசியாவில் ஒவ்வொரு தக்காஃபுல் கம்பெனியிலும் ஷரீஅத் குழு ஒன்று இருக்கும். திட்டங்களை ஆராய்ந்து ஆகும், ஆகாது என்று கூறுவது அக்குழு. அதற்கு மேலே, 1997ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பேங்க் நெகாராவின் ஷரீஅத் ஆலோசனை மன்றம் உண்டு. இஸ்லாமிய நிதி வழக்குகளில் எழும் ஷரீஅத் கேள்விகளுக்கு நீதிமன்றங்களும் அம்மன்றத்தின் முடிவைப் பெற வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம்.

ஆனால் ஃபத்வா கொடுப்பது ஒரு காரியம். அந்த ஃபத்வாவின்படி தினசரி வேலை நடக்கிறதா என்று பார்ப்பது வேறு காரியம். இதற்காகப் பேங்க் நெகாரா 2010ஆம் ஆண்டில் ஷரீஅத் நிர்வாகக் கட்டமைப்பு ஒன்றை வெளியிட்டது. 2019ஆம் ஆண்டில் அதன் இடத்தில் புதிய கொள்கை ஆவணம் கொண்டுவந்தது. அதன்படி கம்பெனிக்குள்ளே மூன்று காவல்கள் உண்டு. தவறு எங்கே நேரக்கூடும் என்று முன்கூட்டிக் கணிப்பது முதல் காவல். அன்றாட வேலையைத் தொடர்ந்து பரிசீலிப்பது இரண்டாவது. இவையெல்லாம் ஒழுங்காக நடக்கின்றனவா என்று, வேலையில் சம்பந்தப்படாமல் தனித்து நின்று சோதிப்பது மூன்றாவது. அந்த மூன்றாவதுதான் ஷரீஅத் தணிக்கை. கடைக்காரருக்குப் புரியும்படி சொன்னால், முதலாமவர் பூட்டு வாங்கச் சொல்பவர். இரண்டாமவர் இரவில் பூட்டை இழுத்துப் பார்ப்பவர். மூன்றாமவர், இழுத்துப் பார்க்கிறவர் உண்மையில் இழுத்துத்தான் பார்க்கிறாரா என்று சோதிப்பவர்.

சாதாரண கணக்குத் தணிக்கையாளர், ஐந்தொகை சரியா, ரொக்கம் குறைகிறதா என்று பார்ப்பார். ஷரீஅத் தணிக்கையாளர் அதோடு நில்லார். ரொக்கம் சரியாக இருந்தாலும், அது வந்த வழி சரியா என்று கேட்பார்.

திட்டமிடும் முறை

முறையாகத் திட்டமிடாத தணிக்கை, விலாசம் எழுதாத பார்சலைப் போன்றது. திட்டம் ஆறு படிகளில் அமையும்.

1. எல்லாவற்றையும் பட்டியலிடுதல். சோதிக்கத்தக்க இடங்கள் அனைத்தும் ஒரு காகிதத்தில் வர வேண்டும்: திட்டங்கள், ஒப்பந்தப் படிவங்கள், யாருக்குக் காப்புத் தருவது என்ற முடிவுகள், நஷ்டஈடு, முதலீடு, மறுதக்காஃபுல், ஏஜெண்டுகள், விளம்பரம், கூலி பிடித்தம், மிச்சம் பகிர்தல், கம்ப்யூட்டர் கணக்கு. பட்டியலில் வராத இடம் தணிக்கையிலும் வராது.

2. அபாயத்தை எடை போடுதல். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் பார்க்க முடியாது. தவறு நேர்ந்தால் அதிகம் பேரைப் பாதிக்கும் இடம் எது, பணம் அதிகம் புழங்கும் இடம் எது, சென்ற முறை தவறு கண்ட இடம் எது, புதிதாகத் தொடங்கிய திட்டம் எது என்று பார்த்து வரிசைப்படுத்த வேண்டும். அபாயம் மிக்கவற்றை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். குறைந்தவற்றை இடைவெளி விட்டுப் பார்க்கலாம்.

3. அளவுகோலை நிச்சயித்தல். எடைக்கல் இல்லாமல் நிறுக்க முடியாது. ஆலோசனை மன்றத்தின் தீர்மானங்கள், பேங்க் நெகாராவின் கொள்கை ஆவணங்கள், கம்பெனியின் சொந்த ஷரீஅத் குழுவின் முடிவுகள், சந்தாதாரரோடு செய்த ஒப்பந்தத்தின் வாசகம் ஆகிய நான்கும் எடைக்கற்கள். தணிக்கையாளர் தம் சொந்த அபிப்பிராயத்தை எடைக்கல்லாக வைக்கலாகாது. அவர் முஃப்தி அல்லர்.

4. ஆளையும் நாளையும் ஒதுக்குதல். எந்த வேலைக்கு எத்தனை பேர், எத்தனை நாள், அவர்களில் ஃபிக்ஹு அறிந்தவர் யார், கணக்கு அறிந்தவர் யார், கம்ப்யூட்டர் அறிந்தவர் யார் என்று முன்பே முடிவாக வேண்டும்.

5. சோதனை முறையை எழுதிவைத்தல். எத்தனை கோப்புகளை மாதிரிக்கு எடுப்பது, எவ்வாறு தேர்ந்தெடுப்பது, ஒவ்வொன்றிலும் எந்தக் கேள்விகளைக் கேட்பது என்று எழுத்தில் இருக்க வேண்டும். கோப்புகளைத் தணிக்கையாளரே தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பந்தப்பட்ட இலாகா எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாகாது. எந்த மூட்டையில் குத்தூசி போடுவது என்பதை விற்பவர் தீர்மானித்தால், சோதனைக்கு அர்த்தமே இல்லை.

6. ஒப்புதல் பெறுதல். திட்டம் டைரக்டர் சபையின் தணிக்கைக் குழுவுக்குப் போக வேண்டும்; ஷரீஅத் குழுவும் அறிந்திருக்க வேண்டும். சோதிக்கப்படும் இலாகாவின் தலைவர் திட்டத்தை வெட்டிக் குறைக்கும்படி விடலாகாது.

பணக் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கவும், சாட்சி வைக்கவும் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்திலுள்ள மிக நீண்ட வசனம் கட்டளையிடுவதை நாம் அறிவோம். தணிக்கைக்கும் அதுவே அடிப்படை. எழுதப்படாத சோதனை, செய்யப்படாத சோதனைக்குச் சமம்.

குத்தூசி எங்கெங்கே படும்?

இனிச் சில உதாரணங்களைப் பார்ப்போம். இவை கற்பனைக் கணக்குகளே எனினும், இவ்வகைச் சோதனைகளே நடைபெறுகின்றன.

முதலாவது, கூலி. ஒப்பந்தத்தில் 35 வெள்ளி என்று எழுதியிருக்கிறது. கம்ப்யூட்டரோ 38 வெள்ளி பிடிக்கிறது. மூன்று வெள்ளிதானே என்று தோன்றும். 20,000 சந்தாதாரரிடம் பிடித்தால் 60,000 வெள்ளி. அத்தனையும் நன்கொடைப் பெட்டியிலிருந்து கம்பெனிப் பெட்டிக்கு உரிமையின்றிப் போன பணம். கணக்குப் புத்தகத்தில் கூட்டல் கழித்தல் சரியாகவே இருக்கும். ஒப்பந்தத்தையும் கம்ப்யூட்டரையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி இத்தவறு கண்ணில் படாது.

இரண்டாவது, முதலீடு. மலேசியாவில் ஷரீஅத்துக்கு உகந்த பங்குகளின் பட்டியலைப் பங்குப் பத்திர ஆணையம் மே, நவம்பர் மாதங்களில் ஆண்டுக்கு இருமுறை வெளியிடுகிறது. மே மாதத்தில் பட்டியலில் இருந்த பங்கு நவம்பரில் நீங்கிவிடக்கூடும். அறிவிப்பு வந்த நாளில் அதன் சந்தை விலை வாங்கிய விலைக்குக் குறையாமல் இருந்தால் விற்றுவிட வேண்டும். அந்நாள் வரையுள்ள லாபத்தை வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பின் விலை ஏறி வந்த அதிக லாபம் தருமத்துக்குப் போக வேண்டும். தணிக்கையாளர் பட்டியல் வந்த தேதியையும் விற்ற தேதியையும் பார்ப்பார். அந்தப் பணம் எங்கே போயிற்று என்று ரசீதையும் கேட்பார்.

மூன்றாவது, காப்பு ஏற்றல். மளிகைக் கடை ஒன்றில் ஒரு மூலையில் மது போத்தல்களும் விற்பனைக்கு இருந்தால், அக்கடைக்குத் தீக்காப்பு ஏற்பதா? அந்தச் சரக்கை நீக்கி மீதிக்கு மட்டும் ஏற்பதா? இதற்கு ஷரீஅத் குழு ஒரு விதி வகுத்திருக்கும். ஏஜெண்ட் கடையைப் பார்த்தாரா, படிவத்தில் உண்மையை எழுதினாரா என்பதே தணிக்கையின் கேள்வி.

நான்காவது, மறுதக்காஃபுல். பெரிய தீ விபத்தைத் தாங்குவதற்காகத் தக்காஃபுல் கம்பெனி தன் பாரத்தில் ஒரு பகுதியை வேறிடத்தில் இறக்கிவைக்கும். இஸ்லாமிய முறையிலான மறுதக்காஃபுல் கிடைக்காதபோது, நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில் சாதாரணக் கம்பெனியை நாட இடமுண்டு. ஆனால் நிர்ப்பந்தம் என்பதற்குச் சான்று வேண்டுமன்றோ? முதலில் மறுதக்காஃபுலைக் கேட்டுக் கடிதம் எழுதினார்களா, என்ன பதில் வந்தது என்பது கோப்பில் இருக்க வேண்டும். விலை சற்று மலிவு என்பதை நிர்ப்பந்தம் என்று எழுதலாகாது.

ஐந்தாவது, நியமனம். குடும்பத்தைப் பெரிதும் தொடுவது இதுதான். 2013ஆம் ஆண்டின் சட்டப்படி, சந்தாதாரர் மரணமடைந்தால் தொகையைப் பெறுபவரை இரு வகையாக நியமிக்கலாம். ஒன்று, நிர்வாகியாக நியமிப்பது. அவர் தொகையை வாங்கி உரிமையுள்ளவர்களுக்குப் பங்கிட வேண்டும். மற்றொன்று, நிபந்தனையுள்ள ஹிபாவாகக் கொடுப்பது. அப்போது தொகை அவருக்கே சொந்தம். மனைவிக்கே எல்லாம் சேரும் என்று எண்ணிக் கணவர் கையெழுத்திட்டிருக்கிறார். ஆனால் படிவத்தில் குறியிட்டிருப்பதோ நிர்வாகி என்ற கட்டத்தில். மய்யித்து அடக்கம் முடிந்த வீட்டில் பிள்ளைகளுக்கும் சிற்றப்பாமாருக்கும் பேச்சு தடிக்கிறது. தவறு எவருடையது? ஏஜெண்ட் விளக்கினாரா, இல்லையா? விளக்கியதற்குக் கையெழுத்துச் சான்று உண்டா? இதையும் தணிக்கை பார்த்தாக வேண்டும்.

இடையூறுகள்

இத்தனை சொன்னபின், தணிக்கை எளிதாக நடந்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. தடைகள் பல.

முதல் தடை ஆள் பஞ்சம். ஃபிக்ஹு நூல்களைக் கரைத்துக் குடித்தவருக்குப் பேரேடு புரிவதில்லை. பேரேட்டில் புலியாக இருப்பவருக்குத் தபர்ரூஃவுக்கும் ஹிபாவுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. தக்காஃபுலிலோ இவ்விரண்டோடு, ஆயுள் மரணக் கணக்கிடும் நிபுணரின் வித்தையும் கொஞ்சம் தெரிய வேண்டும். மூன்றும் ஒருவரிடம் சேர்வது அரிது. எனவே குழுவாகச் செய்வதே வழி. நம் பிள்ளைகளில் மதரஸாவில் ஓதியவர்களைக் கணக்கியலும், கணக்கியல் படித்தவர்களை முஆமலாத்தும் கற்கச் செய்தால், இது நம் சமுதாயத்துக்கு ஏற்ற தொழிலாகவும் அமையும்.

இரண்டாவது தடை சுதந்திரம். சோதிக்கிறவருக்குச் சம்பளம் கொடுப்பது சோதிக்கப்படும் கம்பெனி. நம் கடைக் கணக்கப்பிள்ளை முதலாளியின் தவற்றை முதலாளியிடமே சொல்லத் தயங்குவாரல்லவா? அதுபோலத்தான். ஆகவேதான் தணிக்கையாளர் மானேஜரிடம் அன்றி, டைரக்டர் சபையின் தணிக்கைக் குழுவிடமும் ஷரீஅத் குழுவிடமும் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஏற்பாடு நல்லதே, எனினும் உள்ளத்தில் தக்வா இல்லையேல் எந்த ஏற்பாடும் நிற்காது.

மூன்றாவது தடை அபிப்பிராய பேதம். தபர்ரூஃ நிதியின் மிச்சத்தில் நிர்வாகக் கம்பெனிக்கும் பங்கு உண்டு என்று மலேசியாவில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பஹ்ரைனிலுள்ள கணக்கியல், தணிக்கை அமைப்பின் 26ஆம் ஷரீஅத் நியமமோ, மிச்சம் சந்தாதாரருக்கே உரியது என்கிறது. பாகிஸ்தானில் நன்கொடை நிதியை வக்ஃபாக அமைக்கிறார்கள். ஓரிடத்தில் சரியானது வேறிடத்தில் கேள்விக்குரியதாகிறது. இது மத்ஹபுகளின் வேறுபாட்டைப் போன்றதே, குழப்பமன்று. ஆனால் தணிக்கையாளர் எந்த நாட்டின் எடைக்கல்லால் நிறுக்கிறார் என்பதை அறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது தடை சட்டத்தின் கடுமையே. மார்க்கத்துக்கு முரணாகத் தொழில் நடப்பதாகக் கம்பெனி அறிந்தால், பேங்க் நெகாராவுக்கும் ஷரீஅத் குழுவுக்கும் உடனே அறிவிக்க வேண்டும். அத்தொழிலை உடனே நிறுத்த வேண்டும். 30 நாட்களுக்குள் திருத்தத் திட்டம் கொடுக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் சட்டத்தின் 28ஆம் பிரிவு. மீறினால் 8 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டரைக் கோடி வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். இக்கடுமை நல்லவர்களைப் பாதுகாக்கிறது. ஆயினும் அச்சத்தினால், முரணான காரியத்தையும் வெறும் எழுத்துப்பிழை என்று பெயரிட்டு ஒதுக்கிவைக்கும் ஆசையும் எழக்கூடும். எது பிழை, எது முரண் என்று முடிவு செய்யும் அதிகாரம் தவறு செய்த இலாகாவிடம் இருக்கலாகாது. ஷரீஅத் குழுவிடம் இருக்க வேண்டும்.

ஐந்தாவது தடை திருப்பிக் கொடுப்பது. 60,000 வெள்ளி தவறாகப் பிடிக்கப்பட்டது என்று தெரிந்துவிட்டது. யாருக்குக் கொடுப்பது? சிலர் சந்தாவை நிறுத்திப் போய்விட்டார்கள், சிலர் மரணமடைந்துவிட்டார்கள். தருமத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லிக் கைகழுவ முடியுமா? உரியவர் தெரிந்திருக்கும்போது, அவர் பணத்தை நாம் தருமம் செய்ய நமக்கு உரிமை இல்லை. தேடிக் கொடுக்க வேண்டும். தேடியும் கிடைக்காதபோதுதான் வேறு வழியை ஷரீஅத் குழு சொல்லும்.

ஆறாவது தடை தணிக்கையின் எல்லை. ஆயிரம் கோப்புகளில் ஐம்பதைப் பார்ப்பவர், பாராத தொள்ளாயிரத்து ஐம்பதுக்கும் சத்தியம் செய்ய முடியாது. நிய்யத்தையும் எந்தத் தணிக்கையாளரும் திறந்து பார்க்க முடியாது. அது அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையே உள்ளது. ஆகவே தணிக்கை நடந்தது என்பதால் எல்லாம் பரிசுத்தம் என்று எண்ணுவதும் தவறு. தணிக்கைக்கு எல்லை உண்டு என்பதால் அதனால் பயனில்லை என்பதும் தவறு. குத்தூசி பொய் சொல்வதில்லை. ஆனால் குத்திய இடத்தைத்தான் சொல்லும்.

நாம் செய்ய வேண்டியது

இதெல்லாம் கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்ளும் காரியம், நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. நன்கொடைப் பெட்டியில் இருப்பது நம் பணம். அதிலிருந்து வருவதை நம் பிள்ளைகள் உண்ணப் போகிறார்கள்.

ஆகவே சந்தா கட்டும்போது கேளுங்கள். கூலி எவ்வளவு? மிச்சம் வந்தால் யாருக்கு எந்த விகிதத்தில்? என் நியமனம் நிர்வாகியா, ஹிபாவா? கம்பெனியின் ஆண்டறிக்கையை வாங்கி, ஷரீஅத் குழுவின் அறிக்கை அச்சான பக்கத்தைப் படியுங்கள். குறை கண்டதாக எழுதியிருந்தால் அஞ்ச வேண்டா. கண்டு திருத்தியதாக எழுதும் கம்பெனி, ஒரு குறையுமே இல்லை என்று ஆண்டுதோறும் எழுதும் கம்பெனியைவிட நம்பத்தக்கதாக இருக்கலாம். உங்கள் பங்குக்கு, படிவத்தில் கடையின் சரக்கைப் பற்றி உண்மையை எழுதுங்கள். ஏஜெண்டிடம் பொய் சொல்லிக் காப்பு வாங்குவது கம்பெனியை ஏமாற்றுவதன்று. உங்களோடு நன்கொடை போட்ட ஆயிரக்கணக்கான சகோதரர்களை ஏமாற்றுவதாகும்.

இன்னொன்றையும் மனந்திறந்து சொல்லிவிடுவோம். நம் பள்ளிவாசல்களிலும் சங்கங்களிலும் மரண சகாய நிதி நடத்துகிறோம். மாதம் ஐந்தோ பத்தோ வெள்ளி சேர்த்து, மவுத்து நேர்ந்த வீட்டுக்குக் கஃபன் செலவும் உதவித்தொகையும் கொடுக்கிறோம். இதுவும் தக்காஃபுலின் சிறு வடிவமே. கம்பெனியைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளை நம் பொருளாளரிடம் கேட்கிறோமா? நிதி வட்டிக் கணக்கில் கிடக்கிறதா? கைமாற்றாக எவருக்கேனும் போயிருக்கிறதா? சென்ற ஆண்டு மவுத்தான எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே அளவில் கொடுத்தோமா, செல்வாக்கைப் பார்த்துக் கொடுத்தோமா? நிர்வாகத்தில் சேராத இருவர், ஓர் ஆலிமும் ஒரு கணக்கறிந்தவருமாக, ஆண்டுக்கு ஒரு நாள் அமர்ந்து புத்தகத்தைப் பார்த்து, கண்டதைப் பொதுக்கூட்டத்தில் படித்தால் போதும். இதற்குச் சந்தேகம் காரணமன்று. நம்பிக்கையைக் காப்பதற்கே இது. பொருளாளரின் மானத்துக்கும் இதுவே கவசம்.

பாடத்தை நினைவிற்கொள்ளச் சில வினாக்கள்

1. தபர்ரூஃ நிதி யாருடைய சொத்து? கம்பெனி அதற்கு என்ன முறை?

2. ஷரீஅத் குழுவின் வேலைக்கும் ஷரீஅத் தணிக்கையின் வேலைக்கும் வேறுபாடு யாது?

3. தணிக்கையாளர் கோப்புகளைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஏன்?

4. தவறாகப் பிடித்த பணத்தை உடனே தருமம் செய்துவிடுவது ஏன் சரியாகாது?

5. உங்கள் தக்காஃபுல் படிவத்தில் நியமனம் எந்த வகை? இன்றிரவு எடுத்துப் பார்த்தீர்களா?

ஐந்தாவது வினாவுக்கு விடை இப்பத்திரிகையில் கிடைக்காது. உங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.

மறுமையில் ஒவ்வொருவர் ஏடும் விரிக்கப்படும் நாளில், அங்கே மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பதில்லை, முழுவதுமே பார்க்கப்படும். அந்நாளுக்கு முன் நம் கணக்கை நாமே பார்த்துக்கொள்ளும் நல்லறிவை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.